ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள்

தரையில் கோடு போடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள், கோடு போடாத ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். யார் வண்டி யார் வண்டிக்குக் குறுக்கே நிற்கிறது என்பதில் ஆரம்பித்து, யார் அப்பா எப்படிப்பட்டவர் என்பது வரைக்கும் பேச்சு போய்விடும். அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மனுஷனின் பிழைப்பு. கிடங்கு, ஆஸ்பத்திரி வாசல், பஸ் நிலையம் என்று ஊரில் எங்கே தரையில் மஞ்சள் பட்டை தெரிந்தாலும் அதில் பாதி இவர் குனிந்து போட்டது. நூலில் சுண்ணாம்புத் தூளைத் தடவி இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார். கோடு விழும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி ரோலரை உருட்டினால் வேலை முடிந்தது. இருபது வருஷம் குனிந்தே கிடந்ததில் அவருக்கு ஊர்க்காரர்களின் முகம் அவ்வளவாகத் தெரியாது. செருப்பு நன்றாகத் தெரியும். குதிகால் தேய்ந்திருப்பதைப் பார்த்தே, "தபால் ஆபீஸ்காரர் போறார்" என்று சொல்லிவிடுவார்.

தெருவில் அவரைக் 'கோடு' என்பார்கள். "கோடு வீட்ல இருக்காரா?" என்றால் யாரும் வழி சொல்வார்கள். கொள்ளைநோய் வந்த வருஷத்தில் அந்தப் பெயரும் போய் 'வட்டம்' ஆகிவிட்டது. எப்படி ஆனது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊரடங்கு போட்டதும் எல்லோரையும் போல அவரும் மூன்று வாரம் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். தெருவில் வண்டியே இல்லை, பிறகு வண்டிக்கு எதற்குக் கோடு? தொழில் அவ்வளவுதான் என்று நினைத்திருந்த நேரத்தில் ஒரு வங்கியிலிருந்து போன் வந்தது. ஆளுக்கும் ஆளுக்கும் ஆறடி இடைவெளி வேண்டும், வாசலிலிருந்து தெருமுனை வரை வட்டம் போட்டுத் தர முடியுமா என்றார்கள். மறுநாள் காய்கறிக் கடை. அதற்கு மறுநாள் மின்சார ஆபீஸ். அப்புறம் போன் ஓயவில்லை. ஒட்டுப்பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டி வைத்துக்கொண்டார். பலகையைத் தரையில் வைப்பார், ரோலரை ஒரு சுற்று சுற்றுவார், ஆறடி தள்ளி வைப்பார். கடை திறக்கும் முன்னே பெயிண்ட் காய வேண்டும் என்பதால் விடிகாலையில் கிளம்பி, ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். ஒரு லிஃப்டுக்குள் நாலு மூலைக்கு நாலு வட்டம் போடச் சொன்னார்கள். அந்த லிஃப்டின் அகலமே நாலடி. "ஆறடி எங்கேர்ந்து வரும் சார்?" என்று கேட்டார். "வட்டம் இருந்தாப் போதும்பா, அதிகாரி வந்து வட்டத்தைத்தான் பார்ப்பார், அடியை அளக்க மாட்டார்" என்று பதில் வந்தது. போட்டுக் கொடுத்தார்.

பெருமை சும்மா இருக்க விடுமா? மனைவிக்கு லீவு நாளென்றால் போதும், வட்டம் போட்ட இடத்துக்குப் போய் எதிர்ப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் வந்ததும் முதல் காரியமாகக் குனிந்து வட்டத்தைத் தேடுவான். ஒருநாள் அரசாங்க முத்திரை போட்ட காரிலிருந்து இறங்கிய ஒரு பெரிய அதிகாரி, பளபளக்கும் ஷூவோடு தன் வட்டத்துக்குள் ஒடுங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "ஊரே இப்போ என் பேச்சுக்குத்தான் நிக்குது." அவள் சோற்றுப் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்க பொண்ணு நிக்குதான்னு முதல்ல பாருங்க, அடுப்புகிட்ட ஓடுது" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது இரண்டரை வயது. வீட்டில் பாப்பா. அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது சாத்த முடியாத கடை அது. அவர் ஒன்பது மணிக்கு உள்ளே வருவார், அவள் ஒன்பதரைக்கு வெளியே போவாள். பகல் முழுக்கப் பாப்பா அப்பா பொறுப்பு. சாயங்காலம் ஆறரைக்கு அம்மா திரும்பும்போதுதான் வம்பு. நாள் பூரா இருமுகிறவர்களுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவள், நேராகக் குளியலறைக்குப் போய், உடுப்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட வேண்டும். இரண்டரை வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா? அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடும். ஒருநாள் அவள் காலைக் கட்டிப் பிடித்தேவிட்டது. அவள் சிலையாக நின்று அழுதாள். அவர் பிள்ளையைப் பிய்த்து எடுத்தார். மூன்று பேரும் அன்றைக்கு அழுதார்கள்.

மறுநாள் அவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். வங்கியில் மீந்த மஞ்சள் பெயிண்டை எடுத்து, கூடத்தில், வாசலிலிருந்து ஆறடி அளந்து, ஒரு வட்டம் போட்டார். பாப்பாவைத் தூக்கி அதற்குள் நிறுத்தினார். அம்மா வருகிற நேரம், கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"பாப்பா, இதுக்குள்ள நின்னாத்தான் அம்மா வருவாங்க. தாண்டினா அம்மா வர மாட்டாங்க. சரியா? ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள்."

பாப்பா நின்றது. அம்மா உள்ளே வந்தாள், குளித்தாள், ஈரத் தலையோடு வந்து தூக்கிக்கொண்டாள். அடடா, என்ன சுலபமான வழி என்று மனுஷன் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார். சொன்ன வாக்கியத்தை அடுத்த வாரமே மறந்தும் போனார். கேட்டவள் மறக்கவில்லை.

அதற்கப்புறம் பாப்பாவின் விளையாட்டே மாறிவிட்டது. சுண்ணாம்புக் கட்டியை வாங்கிக்கொண்டு பொம்மைகளைச் சுற்றிக் கோணல் கோணலாக வட்டம் போடும். கரடி ஒரு வட்டத்தில், காது போன முயல் ஒரு வட்டத்தில். கரடி முயலிடம் போகக் கூடாது. ஒருநாள் காற்றில் முயல் சாய்ந்து கரடியின் வட்டத்தில் விழுந்துவிட, பாப்பா இரண்டையும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தது. அப்பா அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். 'என்ன ஒழுங்கு பாருங்க' என்று கீழே எழுதினார். சொந்தக்காரர்கள் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

டைல்ஸ் ஒட்டுகிற ஒருவர் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே சிநேகிதர். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் வேலை எடுப்பார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அவர் தரையை ஒட்டுவார், இவர் அதன்மேல் கோடு போடுவார். பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாளுக்கு டைல்ஸ்காரர் தன் மகன் சுருட்டையைக் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு மரக்குதிரையோடு கேட்டுக்கு வந்தார். தலைமுடியை வைத்துத்தான் பையனுக்கு அந்தப் பெயர், பாப்பா வயசுதான். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவரும் மூக்கு வாயெல்லாம் மூடித்தான் வந்திருந்தார். நம்மாள் என்ன செய்தார் தெரியுமா? கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஏற்கனவே போட்டு வைத்திருந்த வட்டத்தைக் கையால் காட்டினார்.

"அங்க நில்லுடா. பையனை அடுத்த வட்டத்துல நிக்கச் சொல்லு."

"அது என் பையன்டா. அவனும் நானும் ஒரே பாய்ல படுக்கிறோம்."

"விதின்னா விதிதான்."

மரக்குதிரையை வாங்கி, ஒரு பாட்டில் சானிடைசரை அதன்மேல் கொட்டி, மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் போட்டார். குதிரையின் சாயம் மொத்தமும் வழிந்து, கடைசியில் அது என்ன மிருகம் என்று யாருக்கும் தெரியவில்லை. டைல்ஸ்காரர் அதற்கப்புறம் வரவில்லை. "வேலை இருக்கும் அவனுக்கு" என்று இவர் சொல்லிக்கொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வேறு வேலை என்ன?

மூன்று வயது தாண்டியும் பாப்பா வெளியாள் யாரிடமும் வாய் திறக்காததைக் கண்டு, அவருக்கு லேசாக உறைத்தது. போனில் தேடினார். கழுத்துப் பட்டை கட்டிய ஒரு நிபுணர் 'குழந்தையின் சமூக வளர்ச்சிக்குப் பத்து வழிகள்' என்று பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மனுஷன் வாயில் சமூக வளர்ச்சிதான். பால் குடிப்பதும் சமூக வளர்ச்சி, பல் தேய்ப்பதும் சமூக வளர்ச்சி. மற்ற குழந்தைகளோடு வீடியோவில் விளையாட விடுங்கள் என்பது நாலாவது வழி. வேறு யாரைக் கேட்பது? வெட்கத்தை விட்டு டைல்ஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் ரோஷம் பார்க்காமல் சரி என்றார். இரண்டு பிள்ளைகளும் இருபது நிமிஷம் ஆளுக்கொரு போனைப் பிடித்திருந்தார்கள். சுருட்டை தன் வீட்டு மின்விசிறியைக் காட்டினான், பாப்பா தன் வீட்டு மின்விசிறியைக் காட்டியது. அப்புறம் சுருட்டை போனை நக்கினான். பாப்பா போனைத் துடைத்தது. அப்பன்மார் இரண்டு பேரும் சிமெண்ட் விலையைப் பற்றிப் பேசி முடித்தார்கள்.

"நல்ல முன்னேற்றம்" என்றார் அவர், மனைவியிடம்.

"சமூகம் வாசலுக்கே வந்துச்சு. சானிடைசர் அடிச்சு அனுப்பிட்டீங்க. இப்போ போன்ல தேடுறீங்க" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஐந்தாவது வழிக்குப் போனார்.

பாப்பாவுக்கு நாலரை வயதாகும்போது பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மழலையர் பள்ளி. விளையாட்டுத் திடலுக்கு வட்டம் போட இவரைத்தான் கூப்பிட்டார்கள். சொந்த மகள் படிக்கப்போகிற இடமாயிற்றே, விடுவாரா? ரோட்டுக்குப் போடும் சாதாரண பெயிண்ட் வேண்டாம் என்று, இரண்டு டின்னைக் கலந்து போடுகிற உசத்தி ரகத்தை எடுத்தார். சிமெண்டுத் தரையில் நாற்பது வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எண். "ஏழு வருஷம் கியாரண்டி மிஸ். லாரி ஏறி இறங்கினாலும் ஒரு கீறல் விழாது" என்று பாப்பாவின் வகுப்பு மிஸ்ஸிடம் மார்தட்டினார்.

சேர்ந்த முதல் வாரமே மிஸ் அவரை வாசலில் நிறுத்தினாள். "சார், உங்க பொண்ணு மாதிரி ஒரு குழந்தையை நான் பார்த்ததே இல்ல." அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது வாரம் மிஸ் மறுபடியும் நிறுத்தினாள். இந்த முறை குரல் வேறாக இருந்தது.

"பார்த்ததில்லன்னு அன்னிக்கே சொன்னேன், நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க. விளையாட விட்டா நேரா பதினாலாம் நம்பர் வட்டத்துக்குப் போய் நிப்பா சார். அரை மணி நேரமும் அங்கேயேதான். மத்த பிள்ளைங்க முதல் நாளே வட்டத்தையெல்லாம் மிதிச்சுத் துவைச்சிட்டாங்க. பக்கத்துல யாராவது போனா 'தள்ளி நில்லு'ன்னு கையைக் காட்டுறா. நேத்து பாத்ரூம் போகக்கூட வெளியே வரல. நின்ன இடத்துலயே போயிட்டா."

"மத்த பிள்ளைங்க கூப்பிட மாட்டாங்களா மிஸ்?" என்றார் அவர்.

"முதல்ல பிள்ளைங்க கூப்பிட்டாங்க. இப்போ கூப்பிடுறதில்ல. அங்க ஒரு தூண் இருக்குன்னு நினைச்சுச் சுத்தி ஓடுறாங்க. இந்த வயசுல விட்டுட்டா அப்புறம் கஷ்டம் சார். ஏதாவது பண்ணுங்க."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளைத் தூண் என்று சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டில் இருவரும் மாறி மாறிக் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பாப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. மறுநாள் பதினாலாம் நம்பரில் போய் நின்றது. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. நிபுணரின் பத்து வழியில் இதற்கு வழி இல்லை. அவர் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இடைவெளி இனி தேவையில்லை, அடையாளங்களை அழித்துவிடலாம். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அவர், "வேணாம், வேலை நாள்லயே வர்றேன்" என்றார். தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது அவருக்கு. வட்டத்தையே அழித்துவிட்டால் பிள்ளை எங்கே போய் நிற்கும், ஓடித்தானே ஆக வேண்டும் என்று ஒரு கணக்கும் உள்ளே ஓடியது.

பட்டிக்கத்தி, கம்பி பிரஷ், சுத்தியல் எல்லாம் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கே திடலில் மண்டியிட்டார். முதல் வட்டத்தில் கத்தியை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். கத்தி வழுக்கியது. பெயிண்ட் அசையவில்லை. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் நெடியடிக்கிற தின்னரை ஊற்ற முடியாது. சுரண்டினார், கீறினார், இழைத்தார். தோள்பட்டை கழன்றது. பத்தரை மணிக்கு விளையாட்டு மணி அடித்தபோது மூன்று வட்டமும் நாலாவதில் கால்வாசியும் போயிருந்தன. அந்த வழியாகப் போன மிஸ் எட்டிப் பார்த்து, "ஏழு வருஷம்னு சொன்னீங்களே சார்" என்றாள். சொன்ன வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தார்கள். கடைசியாகப் பாப்பா வந்தது. அப்பாவைப் பார்த்ததும் கண் விரிந்தது, ஆனால் ஓடி வரவில்லை. நேராகப் பதினாலுக்குப் போய், இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றது. அவர் முழங்காலாலேயே நகர்ந்து பக்கத்தில் போனார்.

"பாப்பா, கொஞ்சம் தள்ளிக்கோ. அப்பா இதை அழிக்கணும்."

"அழிக்காத."

"எல்லாத்தையும் அழிக்கச் சொல்லியிருக்காங்கடா. நீ போய் விளையாடு."

"அழிச்சா அம்மா எப்படி வருவாங்க?"

"என்னது?"

"நீதான் சொன்ன. இதுக்குள்ள நின்னாத்தான் அம்மா வருவாங்க. தாண்டினா வர மாட்டாங்க."

 கூடத்தில் பெயிண்ட் காயாத அந்த வட்டமும், வாசலில் செருப்புச் சத்தமும், அவசரத்தில் தான் சொன்னதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை நாளும் இவர் ஒழுங்கு என்று வீடியோ எடுத்ததும், ஊருக்கெல்லாம் அனுப்பியதும் எது? அம்மா வராமல் போய்விடுவாளோ என்று ஒரு பிள்ளை பயந்து நின்றதைத்தான். இரண்டு வருஷமாகத் தினமும். கத்தியைக் கீழே வைத்தார். 

"அப்பா தெரியாம சொல்லிட்டேன்டா செல்லம். நீ எங்க நின்னாலும் அம்மா வருவாங்க."

"பொய்."

"நிஜமா. இதோ பாரு" என்று வட்டத்துக்குள் ஒரு கையை வைத்தார். பாப்பா அவர் நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி வெளியே தள்ளியது. "ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள்" என்றது, அவர் குரலிலேயே.

ஊரையே நிறுத்தி வைத்த மனுஷன், அந்தத் தள்ளில் புரண்டு போய்ப் பதிமூன்றாம் நம்பரில் கையும் காலும் ஊன்றி விழுந்தார். எழுந்திருக்கத் தெம்பில்லை. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாதே என்று, அப்படியே நாலு காலில் நின்றபடி தரையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் முதுகில் ஏதோ விழுந்தது. கழுத்தை இரண்டு சின்னக் கைகள் வளைத்துக்கொண்டன. டைல்ஸ்காரர் மகன் சுருட்டை. அவனும் அதே வகுப்புத்தான். "குதிரை, ஓடு" என்றான். வேறொரு சமயமாக இருந்தால் உதறிவிட்டுக் குழாயடிக்கு ஓடியிருப்பார். அன்றைக்கு அவருக்கு உதறத் தோன்றவில்லை. அவர் ஓர் அடி நகர்ந்தார். மேலே கெக்கெக்கே என்று சிரிப்பு. இன்னொருத்தி ஏறினாள். மூன்றாவது ஆள் இடம் இல்லாமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையோடு வந்தான். யாருடைய மூக்குச் சளியோ காதில் பட்டது. அவர் திடலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இறங்கு. அது எங்க அப்பா" என்று பதினாலிலிருந்து ஒரு குரல்.

யாரும் கேட்கவில்லை. சுருட்டை அவர் காதைப் பிடித்துத் திருப்பினான்.

"இறங்குடா. எங்க அப்பாடா."

"இப்போ எங்க குதிரை" என்றான் சுருட்டை.

குனிந்த தலையை அவரால் தூக்க முடியவில்லை, கழுத்தில் ஆள் இருந்தது. தெரிந்ததெல்லாம் தரையும் செருப்பும்தான். பதினாலாம் நம்பரில் இரண்டு கறுப்பு ஷூ. இடது வாருக்குப் பொத்தான் போடாமல் விட்டது காலையில் அவரேதான். அந்த ஷூவின் நுனி மஞ்சள் கோட்டைத் தொட்டது. பின்வாங்கியது. மறுபடி தொட்டது.  இடது கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. வலது கால் அங்கேயே நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு அதுவும் வந்துவிட்டது. அதற்கப்புறம் தடதடவென்று ஓடி வருகிற சத்தம். மேலே சுருட்டை வீல் என்று அலறினான்.

மிஸ் ஓடி வந்து பிரித்தாள். சுருட்டையின் முன்கையில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. பாப்பா அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

"சார், கடிச்சிட்டா."

"வட்டத்தை விட்டு வந்தா கடிச்சா?"

"வராம எப்படி சார் கடிக்க முடியும்?"

அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. நாட்குறிப்பை வாங்கிச் சிவப்பு மையில் எழுதினாள்: 'உங்கள் மகள் இன்று சக மாணவனைக் கடித்தாள். கண்டிக்கவும். பெற்றோர் கையொப்பமிடவும்.' மனுஷன் அந்த இடத்திலேயே பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இதைவிட நல்ல பாராட்டுப் பத்திரம் எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குக் கொடுத்ததில்லை.

மனைவி கடையில் இருக்கும்போதே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்ன அந்த வாக்கியத்தையும் மறைக்காமல் சொன்னார். 

"நான் வரணும்னு நின்னிருக்கா" என்றாள் அவள். "இத்தனை நாளும் நாம அவளைக் காப்பாத்துறதா நினைச்சோம். அவ என்னைக் காப்பாத்திக்கிட்டு நின்னிருக்கா."

சாயங்காலம் ஆறரைக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. பாப்பா பழக்கத்தில் கூடத்து வட்டத்துக்குள் போய் நின்றது. பகலில் வீரம் காட்டினாலும் வீட்டு வட்டம் வேறாயிற்றே. அம்மா குளிக்கப் போகவில்லை. கடை உடுப்போடு, மருந்து வாசனையோடு, நேராக வந்து வட்டத்துக்குள்ளேயே இரண்டு காலையும் வைத்து நின்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "ஒரு ஆள்தான்" என்று பாப்பா சொல்லிப் பார்த்தது. "இடம் இருக்கு" என்றாள் அவள். பாப்பா கீழே குனிந்து பார்த்தது. இருந்தது.

கண்டிக்கவும் என்று எழுதியிருக்கிறதே, அதற்கும் ஏதாவது செய்ய வேண்டும். வெளிச்சம் போவதற்குள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு டைல்ஸ்காரர் வீட்டுக்கு நடந்தார். இரண்டு தெருதான். இரண்டு வருஷமாகப் போகவில்லை. சாயம் போன மரக்குதிரையைக் கையில் எடுத்துக்கொண்டார், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. வழி முழுக்க, மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனார். யார் யாரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குக் கொஞ்சம் குழம்பியிருந்தது.

கதவு திறந்தது. டைல்ஸ்காரர் நின்றார். பின்னால் கையில் கட்டோடு சுருட்டை. கட்டுப் போடுகிற அளவுக்குக் காயம் ஒன்றுமில்லை, அவனே கேட்டு வாங்கியிருப்பான்.

"அவ கடிச்சிட்டா" என்று ஆரம்பித்தார் இவர்.

"பார்த்தேன். பல்லு நல்லா வரிசையா இருக்கு" என்றார் அவர்.

அதற்குள் பாப்பா மன்னிப்பும் கேட்கவில்லை ஒன்றும் கேட்கவில்லை. சுருட்டையின் கட்டைத் தொட்டுப் பார்த்தது. "வலிக்குதா?" என்றது. "ம்" என்றான். "நாளைக்கும் எங்க அப்பா மேல ஏறினா நாளைக்கும் கடிப்பேன்" என்றது. "சரி" என்றான். இருவரும் உள்ளே ஓடிவிட்டார்கள்.

வாசலில் இரண்டு பெரிய மனுஷர்கள் மிஞ்சினார்கள். உள்ளே வா என்று சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை, சொல்லாமல் போகலாமா என்று இவருக்குத் தெரியவில்லை. அவர் நிலைப்படியில், இவர் படிக்குக் கீழே. யாரும் அளக்கவில்லை, ஆனால் சரியாக ஆறடி. இருபது வருஷம் அளந்த கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? கையிலிருந்த குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். சிமெண்ட் விலையைப் பற்றிக் கேட்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது.

உள்ளே போன பாப்பா திரும்பி வந்து டைல்ஸ்காரரின் இடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அப்பாவையும், அப்பாவின் காலடியில் இருந்த வெறும் தரையையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்பா, நீ ஏன் அங்கேயே நிக்கிற? அங்கதான் வட்டம் ஒன்னும் இல்லியே."